சிங்கப்பூர்க் குடும்ப நீதிமன்றம்: எந்த வழக்கு அங்கே போகும், எது போகாது

குடும்ப நீதிமன்றம் என்றதும் மணவிலக்குதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தப் படியேறும் பலருக்கு மணவிலக்கோடு தொடர்பே இருக்காது. அப்பா இறந்தபின் அவர் வங்கிக் கணக்கில் உள்ள பணத்தை எடுக்க வேண்டியிருக்கும். பக்கவாதத்தில் விழுந்த அம்மாவின் சார்பில் முடிவெடுக்க அனுமதி வேண்டியிருக்கும். குடித்துவிட்டு அடிக்கும் அண்ணனிடமிருந்து பாதுகாப்பு வேண்டியிருக்கும். இவை எல்லாம் குடும்ப நீதிமன்றத்தின் வேலைகள்தாம். அங்கேதான் தீரும் என்று நம்பிப் போய், "இது இங்கே இல்லை" என்ற பதிலோடு திரும்புபவர்களும் இருக்கிறார்கள். முஸ்லிம் தம்பதியின் மணவிலக்கும், பிள்ளைகள் கைவிட்ட முதியவரின் பராமரிப்பு மனுவும் அப்படிப்பட்டவை.

ஒரு நீதிமன்றம் யாருடைய வழக்கை, எந்த விவகாரத்தை, எவ்வளவு மதிப்பு வரை விசாரிக்கலாம் என்பதற்குச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. அந்த எல்லையைத்தான் அதிகார வரம்பு என்கிறோம். எவ்வளவு நியாயமான வழக்காக இருந்தாலும் எல்லைக்கு வெளியே நின்றால் நீதிபதியால் அதைத் தொட முடியாது. அதனால் வழக்கறிஞரைத் தேடுவதற்கு முன்பே இந்த எல்லையைத் தெரிந்துகொள்வது நல்லது. பணமும் மாதங்களும் மிஞ்சும்.

ஒரே கூரையின் கீழ் மூன்று

2014ஆம் ஆண்டு நிறைவேறிய குடும்ப நீதிச் சட்டத்தின்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி இன்றைய அமைப்பு உருவானது. உயர் நீதிமன்றத்தின் குடும்பப் பிரிவு, குடும்ப நீதிமன்றங்கள், இளையர் நீதிமன்றங்கள் ஆகிய மூன்றும் அதில் அடக்கம். அன்றாட வழக்குகளில் பெரும்பகுதி நடுவில் உள்ள குடும்ப நீதிமன்றங்களுக்குத்தான் போகிறது. குற்றச்சாட்டுக்கு ஆளான சிறுவர்களையும், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளையும், பெற்றோரின் கட்டுக்குள் நிற்காத பிள்ளைகளையும் இளையர் நீதிமன்றம் கவனிக்கிறது. மேல்முறையீடுகளும் பெருஞ்சொத்து வழக்குகளும் குடும்பப் பிரிவுக்குச் செல்லும்.

மதிப்பு எல்லை 5 மில்லியன் வெள்ளி. தம்பதியின் திருமணச் சொத்துகளின் மொத்த மதிப்பு 5 மில்லியன் அல்லது அதற்கு மேல் என்று ஒரு தரப்பு சொன்னால், சொத்துப் பிரிப்பு உயர் நீதிமன்றக் குடும்பப் பிரிவுக்கு மாறும். இறந்தவரின் சொத்து 5 மில்லியனைத் தாண்டினாலும் அப்படியே. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடும் மத்திய சேமநிதியும் (மசேநி) மட்டும் உள்ள குடும்பத்துக்கு இந்த எல்லை குறுக்கே வராது.

முதல் கேள்வி: எந்தச் சட்டத்தின்கீழ் நடந்த திருமணம்?

சிங்கப்பூரில் மணவாழ்க்கைக்கு இரண்டு சட்டத் தடங்கள் உண்டு. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1961ஆம் ஆண்டின் மகளிர் சாசனம். முஸ்லிம்களுக்கு 1966ஆம் ஆண்டின் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம். கணவன் மனைவி இருவரும் முஸ்லிம் என்றாலோ, முஸ்லிம் சட்டப்படி நிக்காஹ் நடந்திருந்தாலோ, மணவிலக்கு ஷரியா நீதிமன்றத்துக்குச் சொந்தம். நாகூரில் நிக்காஹ் செய்து இங்கே வந்து குடியேறிய தமிழ் முஸ்லிம் தம்பதிக்கும் இதுதான் வழி. ஷரியா நீதிமன்றம் லெங்கோக் பாருவில் தனியாக இயங்குகிறது. அதன் முடிவின்மீதான மேல்முறையீடு, சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகும்.

இந்த இடத்தில் தமிழ் முஸ்லிம் பெண்கள் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மணவிலக்கு ஷரியா நீதிமன்றத்தில் என்பதற்காகக் குடும்ப நீதிமன்றத்தின் கதவு முழுக்க மூடிவிடவில்லை. திருமணம் நீடிக்கும்போது கணவர் செலவுக்குப் பணம் தராவிட்டால், தனக்கும் பிள்ளைகளுக்கும் பராமரிப்புத் தொகை கேட்டுக் குடும்ப நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். வீட்டில் வன்முறை நடந்தால் பாதுகாப்பு ஆணையும் அங்கேதான் கிடைக்கும். இந்த இரண்டுக்கும் மதம் தடையில்லை. பிள்ளைகளின் பொறுப்பு, சொத்துப் பிரிப்பு ஆகிய இரண்டையும் ஷரியா நீதிமன்றத்தின் அனுமதியோடோ, இரு தரப்பின் சம்மதத்தோடோ குடிமை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக 1999 முதல் வழி இருக்கிறது. மணவிலக்குக்குப் பிந்தைய காத்திருப்புக் காலமான இத்தாவுக்குத் தரும் நஃபக்கா என்ற செலவுத் தொகையும், முத்ஆ என்ற ஆறுதல் தொகையும் ஷரியா நீதிமன்றத்தில் மட்டுமே.

இந்து, கிறிஸ்துவ, சீக்கியத் தம்பதிகளுக்குத் தனித்தனி மன்றங்கள் கிடையாது. எல்லாருக்கும் மகளிர் சாசனம்தான். அதோடு கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: சட்டப்படி திருமணம் நடந்ததா? 1961 செப்டம்பர் 15க்குப் பிறகு சிங்கப்பூரில் கோவிலில் தாலி கட்டியது மட்டும் சட்டத்தின் கண்ணில் திருமணம் ஆகாது. உரிமம் பெற்ற திருமண அதிகாரி முறைப்படி நடத்தி, பதிவகத்தில் ஏற வேண்டும். பதிவு இல்லையென்றால் கலைக்க ஒரு திருமணமே இல்லை. அப்போது மணவிலக்கு, திருமணச் சொத்துப் பிரிப்பு, மனைவிக்கான பராமரிப்பு ஆகிய எதையும் கேட்க முடியாது. பிள்ளைகளுக்கான உரிமைகள் மட்டும் அப்படியே நிற்கும். பத்திரிகை அடித்து, ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டு நடந்த கல்யாணத்துக்கும் இதே விதிதான். அந்தச் சான்றிதழைத் திருமணத்தன்றே கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி: சிங்கப்பூரோடு என்ன தொடர்பு?

திருமணம் தஞ்சாவூரில் நடந்திருந்தாலும் இங்கே மணவிலக்குக் கேட்கலாம். திருமணம் எங்கே நடந்தது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. வழக்குத் தொடங்கும் நாளில் தம்பதியில் ஒருவருக்காவது சிங்கப்பூர் நிரந்தர வாழிடமாக (நிலையாகத் தங்கிவிடும் எண்ணத்தோடு வாழும் நாடாக) இருக்க வேண்டும், அல்லது அதற்கு முந்தைய 3 ஆண்டுகள் ஒருவராவது தொடர்ந்து இங்கே வழக்கமாக வாழ்ந்திருக்க வேண்டும். குடிமக்களுக்கு நிரந்தர வாழிடம் சிங்கப்பூர்தான் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். வேலை அனுமதியில் இருப்பவர்கள் 3 ஆண்டுக் கணக்கைக் காட்ட வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போய்வந்த இரண்டு வாரங்கள் அந்தக் கணக்கைக் குலைக்காது. இரண்டு ஆண்டு வேறு நாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் குலைக்கும். கடப்பிதழின் முத்திரைப் பக்கங்கள், வேலை அனுமதிக் கடிதங்கள், வாடகை ஒப்பந்தம், வருமான வரி மதிப்பீட்டு அறிக்கை ஆகியவை இதற்குச் சான்றுகள்.

இங்கே வழக்குப் போட முடியும் என்பதும், இங்கே போடுவது நல்லதா என்பதும் வேறு வேறு. ஒருவர் சிங்கப்பூரிலும் மற்றவர் சென்னைக் குடும்ப நீதிமன்றத்திலும் ஒரே நேரத்தில் வழக்குப் போடுவது நம்மிடையே நடக்கிறது. அப்போது எந்த நாட்டு மன்றம் கூடுதல் பொருத்தமானது என்று பார்த்து, இங்குள்ள நீதிபதி வழக்கை நிறுத்தி வைக்கலாம். தம்பதி எங்கே வாழ்ந்தார்கள், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், சொத்தும் சாட்சிகளும் எங்கே என்பவை எடைபோடப்படும்.

இந்துத் திருமணச் சட்டப்படி இந்தியாவில் மணந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு மணவிலக்குத் தீர்ப்பை எப்போது ஏற்பது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1991இல் நரசிம்ம ராவ் வழக்கில் விளக்கியது. எதிர்த்தரப்பு வழக்கில் கலந்துகொள்ளாமலும் சம்மதிக்காமலும் இருக்க, இந்துத் திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காகப் பெற்ற வெளிநாட்டுத் தீர்ப்பு அங்கே நிற்காது. இங்கே சட்டப்படி தனி ஆள், ஊரில் இன்னும் கணவன் மனைவி என்ற நிலை மறுமணத்தின்போது பெரிய சிக்கலாக வெடிக்கும். மனைவி அல்லது கணவர் இந்தியாவில் இருந்தால், தாக்கல் செய்வதற்கு முன்பே இரண்டு நாட்டு வழக்கறிஞரிடமும் கேட்டுவிடுங்கள்.

இந்தியாவில் மணவிலக்கு முடிந்துவிட்டது, ஆனால் சொத்து சிங்கப்பூரில் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. இங்குள்ள நீதிமன்றத்தின் அனுமதி பெற்று நிதித் தீர்வு மட்டும் கேட்டு மனுச் செய்யலாம். ஒருவருக்குச் சிங்கப்பூர் நிரந்தர வாழிடமாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் மனுவுக்கு முந்தைய ஓராண்டு இங்கே தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்.

மணவிலக்கு எப்படி நகர்கிறது

திருமணமாகி 3 ஆண்டு ஆகாமல் மணவிலக்குக் கேட்க முடியாது. விதிவிலக்கான துன்பம், விதிவிலக்கான கொடுமை என்று காட்டி முன் அனுமதி வாங்கினால்தான் முடியும். அது எளிதில் கிடைப்பதில்லை. திருமணமே செல்லாது என்று அறிவிக்கக் கோரும் மனுவுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

சட்டம் ஒரே ஒரு காரணத்தைத்தான் ஏற்கிறது: மணவாழ்க்கை மீளமுடியாதபடி முறிந்துவிட்டது. அதை நிரூபிக்க ஆறு வழிகள் உள்ளன. வாழ்க்கைத்துணையின் பிறன்மனை உறவு, சேர்ந்து வாழ முடியாத நடத்தை, 2 ஆண்டு கைவிட்டுப் போனது, இருவர் சம்மதத்தோடு 3 ஆண்டுப் பிரிவு, சம்மதம் இல்லாமல் 4 ஆண்டுப் பிரிவு. ஆறாவது வழி 2024 ஜூலை 1இல் வந்தது. யார்மீதும் பழி போடாமல் இருவரும் சேர்ந்து ஒப்புக்கொண்டு கேட்கும் மணவிலக்கு அது. ஏன் முறிந்தது, சேர்ந்து வாழ என்னென்ன முயன்றார்கள், பிள்ளைகளுக்கும் பணத்துக்கும் என்ன ஏற்பாடு என்று எழுதித் தர வேண்டும். இன்னும் சேர வாய்ப்பிருக்கிறது என்று நீதிபதி கருதினால் ஏற்க மறுக்கலாம். பிள்ளைகள் உள்ள தம்பதிக்கு இந்த வழி பெரிய நிம்மதி என்றே சொல்ல வேண்டும். நடத்தைக் குற்றச்சாட்டில் பக்கம் பக்கமாக எழுதிய வசைகளைப் பின்னாளில் பிள்ளைகள் படிக்க நேரும் நிலை இதில் இல்லை.

21 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை இருந்தால், தாக்கல் செய்வதற்கு முன் கட்டாயப் பெற்றோர் வகுப்பை முடித்திருக்க வேண்டும். அதை முடிக்காமல் போனால் மனு தாக்கலாகாது. பலர் இங்கேதான் முதலில் தடுக்கி விழுகிறார்கள்.

வழக்கு இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் திருமணம் கலையுமா என்பது மட்டும் முடிவாகி, இடைக்காலத் தீர்ப்பு வரும். இரண்டாம் கட்டத்தில் பிள்ளைகள், வீடு, பணம், பராமரிப்பு. எல்லாவற்றிலும் இருவரும் உடன்பட்டிருந்தால் எளிய தடத்தில் போகலாம். அதில் நீதிமன்றத்துக்கு நேரில் வரவேண்டிய தேவைகூடப் பெரும்பாலும் இருக்காது. இடைக்காலத் தீர்ப்புக்கு 3 மாதம் கழித்து, இரண்டாம் கட்டமும் முடிந்தபின், இறுதித் தீர்ப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வரும் வரை நீங்கள் இன்னும் திருமணமானவர்தான். இடைக்காலத் தீர்ப்பை நம்பி மறுமணத் தேதி குறித்துவிடாதீர்கள்.

எதிர்த்தரப்பாகக் காகிதம் வந்து சேர்ந்தால் அதை அலமாரியில் போட்டு மூடாதீர்கள். பதில் தர வேண்டிய நாள் அதிலேயே அச்சாகியிருக்கும். நீங்கள் பேசாமல் இருந்தால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வரும்.

வீடும் பணமும் எப்படிப் பிரியும்

பாதிக்குப் பாதி என்பது சட்டம் இல்லை. நியாயமாகவும் சமமாகவும் பட்டபடி பிரிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. 2015இல் வந்த ஒரு தீர்ப்பு இதற்கு மூன்று படி முறையை வகுத்தது. முதலில் யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்ற விகிதம். அடுத்து, சமையல், பிள்ளை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு உள்ளிட்ட மறைமுகப் பங்களிப்பின் விகிதம். பிறகு இரண்டின் சராசரி. எடுத்துக்காட்டாக, கணவர் பணத்தில் 80, மனைவி 20 என்று வைத்துக்கொள்வோம். மறைமுகப் பங்களிப்பில் கணவர் 40, மனைவி 60. சராசரி எடுத்தால் கணவருக்கு 60, மனைவிக்கு 40. சூழ்நிலைக்கேற்ப நீதிபதி அதை ஏற்றலாம், இறக்கலாம். ஒருவர் மட்டும் சம்பாதித்து மற்றவர் முழுநேரமும் வீட்டைக் கவனித்த நீண்ட திருமணங்களில், 2017இல் வந்த மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சமப்பங்கை நோக்கியே முடிவுகள் சாய்கின்றன. முப்பது ஆண்டு வீட்டுக்காகவே உழைத்த பெண்ணுக்கு "நீ என்ன சம்பாதித்தாய்?" என்ற கேள்வி நீதிமன்றத்தில் செல்லுபடியாகாது.

பெற்றோர் கொடுத்த அன்பளிப்பும், மரபுரிமையாக வந்த சொத்தும் பொதுவாகப் பிரிப்புக்கு வெளியே நிற்கும். குடும்பம் குடியிருந்த வீடாக இருந்தாலோ, மற்றவரின் உழைப்பால் அல்லது இருவரின் உழைப்பால் கணிசமாக மேம்பட்டிருந்தாலோ உள்ளே வந்துவிடும். கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் போட்ட நகைக்கு இந்த விதி முக்கியம். யார் யாருக்குக் கொடுத்தது என்று காட்ட ரசீதோ படமோ இல்லாமல் போவதால்தான் நகைச் சண்டைகள் நீள்கின்றன. ஊரில் வாங்கிய மனையையும் மறைக்க முடியாது. இருவரும் சொத்து, வருமானம் பற்றிய சத்தியப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். ஒருவர் மறைத்ததாக நீதிபதி கண்டால், அதைக் கணக்கில் எடுத்து மற்றவருக்குக் கூடுதல் பங்கு தரலாம்.

வீவக வீடு பற்றி நீதிமன்றம் ஆணை போடலாம். வீவகவின் தகுதி விதிகளை அது மாற்றாது. வீட்டை ஒருவர் பெயருக்கு மாற்றலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டு, பிறகு வீவகவில் தகுதி இல்லை என்று தெரிந்தால், மறுபடியும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம், வைத்துக்கொள்பவரின் வயது, பிள்ளை யாருடன் வாழப்போகிறது, கடனைக் கட்டும் வருமானம் ஆகியவற்றை வீவகவில் முதலில் சரிபாருங்கள். விற்றால் மசேநியிலிருந்து எடுத்த தொகை வட்டியோடு அவரவர் கணக்குக்குத் திரும்பும். கையில் நிற்கும் ரொக்கம் நினைத்ததைவிடக் குறைவாக இருப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

பிள்ளைகள்

நம்மவர்கள் குழம்பும் சொற்கள் இங்கே மூன்று. பிள்ளையின் பள்ளி, மதம், பெரிய மருத்துவச் சிகிச்சை ஆகியவற்றில் முடிவெடுக்கும் உரிமை ஒன்று. சட்டம் காவற்பொறுப்பு என்று சொல்வது இதைத்தான், பெரும்பாலும் அது தாய் தந்தை இருவருக்கும் சேர்த்தே கிடைக்கும். பிள்ளை அன்றாடம் யாருடன் வாழும் என்பது இரண்டாவது, அது பராமரிப்பும் கட்டுப்பாடும். மற்றவர் பார்க்கும் நாள்கள் மூன்றாவது, அது சந்திப்புரிமை. "கஸ்டடி எனக்குத்தான்" என்று இரு தரப்பும் மல்லுக்கட்டும்போது, உண்மையில் அவர்கள் சண்டையிடுவது இரண்டாவதுக்காக. இதைத் தெரிந்துகொண்டாலே பாதிச் சண்டை அடங்கும்.

பிள்ளையின் நலனே நீதிபதிக்கு முதல். தேவைப்பட்டால் அவர் பிள்ளையோடு தனியே பேசலாம். 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை உள்ள வழக்குகள் ஆலோசனைக்கும் சமரசப் பேச்சுக்கும் அனுப்பப்படும். மணவிலக்கு இல்லாமலேயே பிள்ளை பற்றி மட்டும் மனுச் செய்யவும் இளஞ்சிறார் பாதுகாவலர் சட்டம் இடம் தருகிறது.

பிள்ளையின் காவற்பொறுப்பு அல்லது பராமரிப்பும் கட்டுப்பாடும் பற்றிய ஆணை நடப்பில் இருக்கும்போது, மற்றப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் பிள்ளையை நீண்ட காலம் வெளிநாடு கொண்டுபோக முடியாது. பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர் ஒரு மாதத்துக்குக் குறைவாக அழைத்துப்போவதற்குச் சட்டம் இடம் தருகிறது. பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய் அங்கேயே தங்கிவிடும் நிலைமைதான் மிகவும் வேதனையானது. பிள்ளைக் கடத்தல் பற்றிய ஹேக் உடன்படிக்கையில் சிங்கப்பூர் 2011 முதல் இருக்கிறது, இந்தியா இல்லை. அதனால் பிள்ளை இந்தியா போய்விட்டால், விரைவாகத் திருப்பிப் பெற அந்த உடன்படிக்கை தரும் வழி கிடையாது, அங்குள்ள நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட்டு நடத்த வேண்டும். அச்சம் உண்மையானதாக இருந்தால், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே தடை ஆணை கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

அடி, மிரட்டல், கட்டுப்படுத்தல்

தனிநபர் பாதுகாப்பு ஆணைக்கு மணவிலக்கு வழக்கு தேவையில்லை. அம்மா மகன்மீதும், மருமகள் மாமியார்மீதும், தம்பி அண்ணன்மீதும், முன்னாள் மனைவி முன்னாள் கணவர்மீதும் கேட்கலாம். குடும்ப வன்முறை நடந்தது அல்லது நடக்கக்கூடும் என்பதையும், பாதுகாப்புக்கு ஆணை அவசியம் என்பதையும் காட்ட வேண்டும். 2025 ஜனவரி 2 முதல் சட்டம் இன்னும் தெளிவாகிவிட்டது. உடல் வன்முறையோடு பாலியல் வன்முறையும் மனரீதியான வன்முறையும் வரையறைக்குள் வெளிப்படையாக வந்தன. தனக்காக மனுச் செய்யும் வயது 21லிருந்து 18ஆகக் குறைந்தது. ஆணையை மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இன்றிரவே ஆபத்து என்றால் முதலில் 999. நீதிமன்றத்தில் அவசர ஆணையும் கேட்கலாம். எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே அது தற்காலிகமாகக் கிடைக்கும். வீட்டை விட்டு, அல்லது வீட்டின் ஒரு பகுதியை விட்டு, விலகியிருக்கச் சொல்லும் ஆணையும் உண்டு. வன்முறைப் புகாருக்கான தேசிய உதவி எண் 1800-777-0000, எந்த நேரத்திலும் அழைக்கலாம். மனுவைச் சிங்பாஸ் வழியாக ஐஃபேம்ஸ் (iFAMS) என்ற குடும்ப நீதிமன்ற இணையத்தளத்திலேயே போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை.

மனு எங்கே தோற்கிறது? தேதி இல்லாத குற்றச்சாட்டில். "எப்பவும் அடிப்பார்" என்பதைவிட, எந்த நாள், எந்த அறை, என்ன செய்தார், யார் பார்த்தார் என்ற நான்கும் இருக்கும் ஒரே சம்பவம் வலுவானது. பலதுறை மருந்தகத்தின் மருத்துவ அறிக்கை, காவல்துறைப் புகார் எண், வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றை அழிக்காமல் வையுங்கள். திருமணம் செய்யாத காதலரோ வீட்டுப் பணிப்பெண்ணோ இந்தச் சட்டத்தில் குடும்பத்தினர் ஆகமாட்டார்கள். அவர்களுக்குத் துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதை விசாரிப்பது வேறு நீதிமன்றம்.

பராமரிப்புத் தொகை

மனைவியும், 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையும் கேட்கலாம். தேசிய சேவையில் இருக்கும், முழுநேரம் படிக்கும், அல்லது உடற்குறையுள்ள பிள்ளைக்கு 21க்குப் பிறகும் உண்டு. நோய் அல்லது உடற்குறையால் சம்பாதிக்க முடியாத கணவரும் 2016 முதல் கேட்கலாம். முன்னாள் மனைவி மறுமணம் செய்தால் அவருக்கான தொகை நிற்கும், பிள்ளைக்கானது நிற்காது.

ஆணை வாங்குவதைவிடப் பணத்தை வாங்குவதுதான் பலருக்குக் கடினம். தராதவரின் சம்பளத்திலிருந்து நேரடியாகப் பிடிக்கவும், உத்தரவாதத் தொகை கட்டச் சொல்லவும், சிறைக்கு அனுப்பவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 2025 ஜனவரி முதல் சட்ட அமைச்சில் ஓர் அமலாக்கப் பிரிவு படிப்படியாகச் செயல்படத் தொடங்கியிருக்கிறது. அதன் அதிகாரிகள் வங்கி, மசேநி போன்ற இடங்களிலிருந்து நேரடியாக விவரம் பெற்று, தர முடியாதவரையும் தர மறுப்பவரையும் பிரித்துக் காட்டுவார்கள். தொகையைக் கையில் ரொக்கமாகத் தருவதை இரு தரப்பும் தவிர்க்க வேண்டும். வங்கி மாற்றுப் பதிவு இருந்தால் தந்தேன், தரவில்லை என்ற சண்டைக்கே இடமில்லை.

பெற்றோர் பிள்ளைகளிடம் கேட்கும் பராமரிப்பு வேறு பாதை. 60 வயது நிரம்பி, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்கள், 1995ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் முதலில் ஆணையாளரிடம் சமரசத்துக்குப் போக வேண்டும். அங்கே முடியாவிட்டால் பெற்றோர் பராமரிப்பு நடுவர் மன்றம்.

இறப்பும் நினைவிழப்பும்

இறந்தவரின் சொத்தைக் கையாள, உயில் இருந்தால் உயில் மெய்ப்புச் சான்றிதழ், இல்லையென்றால் நிர்வாகக் கடிதம். இரண்டையும் தருவது குடும்ப நீதிமன்றம்தான். 50,000 வெள்ளிக்கு மேல் போகாத சிறு சொத்தை அரசு அதிகாரியான பொது அறங்காவலர் நிர்வகிக்கலாம். உயில் இல்லாமல் இறந்த, முஸ்லிம் அல்லாதவரின் சொத்து துணைக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. முஸ்லிம் ஒருவர் இறந்தால் யாருக்கு என்ன பங்கு என்ற மரபுரிமைச் சான்றிதழை ஷரியா நீதிமன்றம் தரும், சொத்தை நிர்வகிக்கும் அனுமதி குடும்ப நீதிமன்றத்தில். இரண்டு இடத்துக்கும் போக வேண்டும். மசேநிப் பணம் இறந்தவரின் சொத்தில் சேராது, நியமனம் செய்தவருக்கே போகும். திருமணம் பழைய நியமனத்தையும் பழைய உயிலையும் ரத்துச் செய்துவிடும். மணவிலக்கு அப்படிச் செய்யாது. மணவிலக்கு முடிந்ததும் இரண்டையும் மாற்றாமல் விட்டால், முன்னாள் துணைக்குப் பணம் போய்ச் சேரும்.

மறதிநோயோ பக்கவாதமோ வந்தவர், தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் நீடித்த அதிகாரப் பத்திரத்தை முன்கூட்டியே எழுதிவைக்கவில்லை என்றால், அவர் சார்பில் முடிவெடுக்கப் பிள்ளைகள் குடும்ப நீதிமன்றத்தில் பிரதிநிதி நியமனம் கேட்க வேண்டும். மருத்துவரின் மனத்திறன் அறிக்கை இல்லாமல் அது நகராது. அம்மாவின் ஏடிஎம் அட்டையைக் கொண்டு மகன் பணம் எடுப்பது தற்போதைக்கு நடக்கலாம், வீட்டை விற்க வேண்டிய நாளில் நின்றுவிடும். தத்தெடுப்பும் இதே நீதிமன்றத்தில்தான். அதற்கான புதிய சட்டம் 2024 அக்டோபர் 15 முதல் நடப்பில் இருக்கிறது.

நேரில் போகும்போது

குடும்ப வழக்குகள் மூடிய அறையில் நடக்கும். வெளியாகும் தீர்ப்புகளில் பெயர்கள் மறைந்து மூன்றெழுத்துக் குறிகளாகத்தான் வரும். ஊர் பேசுமே என்ற பயத்தால் தள்ளிப்போடுபவர்களுக்காக இதைச் சொல்கிறோம். நடவடிக்கை ஆங்கிலத்தில் நடந்தாலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டு, முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மொழிபெயர்ப்பாளராக மகனையோ மகளையோ அழைத்துப்போவது வேண்டாம், அவர்கள் காதில் விழக் கூடாதவையும் அங்கே பேசப்படும். தமிழில் உள்ள திருமணச் சான்றிதழ், கிராம நிர்வாக அலுவலரின் சான்று, நிலப்பத்திரம் ஆகியவை சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்போடு இருக்க வேண்டும். ஊரிலிருந்து அசலை வரவழைக்கவே வாரங்கள் ஆகும் என்பதால் முதலில் தொடங்க வேண்டிய வேலை அதுதான்.

2024 அக்டோபர் முதல் நீதிபதியே வழக்கின் போக்கை முன்னின்று நடத்துகிறார். எத்தனை சத்தியப் பத்திரம், எந்த விவகாரத்தில், எந்த வரிசையில் என்று அவர் சொல்வார். பழைய குறைகளை எல்லாம் கொட்ட எழுதிய நாற்பது பக்கத்தைவிட, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் ஆறு பக்கமே அங்கே எடுபடும். வழக்கறிஞருக்குச் செலவழிக்க முடியாத குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சட்ட உதவிப் பிரிவில் வருமானத் தகுதியைச் சரிபார்க்கலாம். அதற்குச் சம்பளச் சீட்டு, மசேநி அறிக்கை, வங்கி அறிக்கை ஆகியவற்றின் அண்மைய நகல்கள் வேண்டும். சொத்து பற்றிய சத்தியப் பத்திரத்துக்கும் இதே காகிதங்கள்தான் தேவைப்படும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல் எடுத்து ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.